செட்டிநாட்டு வீட்டின் பழைய இரும்பு: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும்தான் முதலில் வருகின்றன. அவற்றைப் போலவே கடல் கடந்து வந்த இரும்பை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. முகப்பில் நிற்கும் வார்ப்புத் தூண், மச்சைத் தாங்கும் கர்டர், முற்றத்துக்கு மேலே கம்பிவலை, சன்னல் கம்பி, மாடிக் கிராதி, வாசல் கேட், சாணளவுச் சாவி என 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை கட்டிய வீடுகளில் இரும்பு எங்கும் இருக்கிறது. பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ திறக்கும்போதுதான் துரு கண்ணில் படுகிறது. விசேஷத்துக்குள் மறைத்தாக வேண்டும் என்று உடனே பெயிண்ட் டப்பா வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் பழைய இரும்பைக் கெடுப்பதில் மழைக்கு இருக்கும் பங்கைவிட இந்த அவசரத்துக்கு இருக்கும் பங்கு பெரிது என்று பட்டறையில் இருக்கும் நான் உறுதியாகச் சொல்வேன்.

துரு என்றால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று பொருள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் செய்யும் எந்த வேலையும் அடுத்த ஐப்பசி வரைக்கும்தான் தாங்கும். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் தண்ணீரின் வழி, பிறகு இரும்பு என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடியவை, கொல்லாசாரியிடம் விட வேண்டியவை, கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் தொடவே கூடாதவை மூன்றும் கலந்தே வரும். எது எது என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

எதற்கும் முன்: இது எந்த இரும்பு?

ஒரே வீட்டில் மூன்று வகை இருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு. தேனிரும்புக்குச் செய்வதை வார்ப்பிரும்புக்குச் செய்தால் அது உடைந்துவிடும்.

வார்ப்பிரும்பு அச்சில் ஊற்றியது. ஒரே பூ, ஒரே இலை இம்மி பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். ஓரத்தைத் தடவினால் இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த கோடு விரலில் தட்டுப்படும். இதில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருப்பதால் பாரம் நன்றாகத் தாங்கும். இழுத்தாலோ அடித்தாலோ வளையாமல் நொறுங்கும். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சர்க்கரை போலக் குறுணை குறுணையாக இருக்கும்.

தேனிரும்பு உலையில் காய்ச்சி அடித்தது. இரண்டு சுருள்களை ஒட்டிப் பார்த்தால் சற்று வித்தியாசம் தெரியும். அதற்குள் கசடு இழை இழையாக ஓடுவதால், நெடுநாள் அரித்த கம்பியில் மரத்தின் ரேகை மாதிரி நீளவாக்கில் வரிகள் எழும்பி நிற்கும். அந்த ரேகையைப் பார்த்துவிட்டால் வேறு சோதனையே தேவையில்லை.

மூன்றாவது எஃகு. உருட்டாலையில் வந்த கர்டர்களில் பெரும்பாலானவையும், 20ஆம் நூற்றாண்டுக் கம்பிகளில் பெரும்பகுதியும், பிற்காலத்து ஒட்டுவேலைகள் அனைத்தும் இதுதான். சந்தேகம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் அரவைக்கல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். தேனிரும்பின் பொறி நீளமாக வைக்கோல் நிறத்தில் பறக்கும், நுனியில் அதிகம் வெடிக்காது. எஃகின் பொறி நுனியில் கவடு கவடாகப் பிரியும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையானது, மங்கிய சிவப்பு. கர்டரின் இடுப்புப் பகுதியில் ஆலையின் பெயர் புடைத்திருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்தை அரைத்து எடுக்க யாரையும் விடாதீர்கள்.

பெயிண்டைச் சுரண்டும் முன்

பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரும்பின் மேல் அடிப்பூச்சாகச் செவ்வீயம் பூசுவது அந்தக் காலத்து நல்ல வழக்கம். அடியில் ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். ஆகவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் வறுக்கக் கூடாது, வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது இந்த வேலையே கூடாது. நனைத்துச் சுரண்டுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்ததைக் கூட்டிப் பையில் கட்டுங்கள். துகளைத் தடுக்கும் முறையான முகக்கவசம் போடுங்கள். துண்டை முகத்தில் சுற்றிக்கொள்வது போதாது.

இன்னொன்று. எல்லாவற்றையும் சுரண்டுவதற்கு முன் உள்மூலை ஒன்றில் காசு அகலத்துக்குச் சரிவாகச் சீவி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு காலத்துப் பூச்சும் தெரியும். இன்று கறுப்பாகவோ வெள்ளி நிறமாகவோ இருக்கும் கிராதி முதலில் வேறு நிறத்தில் இருந்திருக்கலாம். அந்த ஒரு துண்டை அப்படியே விட்டுவையுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அந்த வீட்டின் நிறக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

அறிகுறி: விரலில் செந்தூள் ஒட்டுகிறது, அடியில் இரும்பு உறுதியாக இருக்கிறது

இது பயப்பட வேண்டியது அல்ல. சன்னல் கம்பியிலும் முற்றத்துத் தாழ்வாரக் கிராதியிலும் சாரல் பட்டு வருவது. பித்தளைக் கம்பித் தூரிகையால் தளர்ந்த தூளை மட்டும் எடுங்கள். கீழே இறுகப் பிடித்திருக்கும் கருஞ்சிவப்புத் தோலைப் பளபளவென்று ஆகும்வரை அரைக்க வேண்டாம். தேனிரும்பின் மேல் உருட்டும்போது வந்த கருந்தோல் இருந்தால் அது ஒரு காவல். மணல் வீசிச் சுத்தம் செய்கிறவர்கள் அதையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு அந்த மணல் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

வீட்டுக்கு உள்ளே இருக்கும் இரும்புக்குக் கடுக்காய் போதும். செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் சேர்க்கும் அதே கடுக்காய்தான். அதில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின், துருவோடு சேர்ந்து கருநீல நிறத்தில் ஒரு நிலையான கூட்டுப்பொருளாகிறது. அருங்காட்சியகங்களில் டானிக் அமிலம் கொண்டு செய்வதும் இந்த வேலைதான். கொட்டை நீக்கிய கடுக்காயை இடித்து, மண் சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ கொதிக்க வைத்து இறக்கி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் சட்டியோடு சேர்ந்து மை ஆகிவிடும். உலர்ந்த கம்பியில் மெல்லத் தேய்த்துப் பூசி, காய்ந்ததும் மறுபடியும் பூசுங்கள். சிவப்பு கறுத்துக்கொண்டே வருவது கண்முன்னால் தெரியும். நன்றாகக் காய்ந்த பிறகு தேன்மெழுகைச் சூடான கம்பியில் தேய்த்துத் துணியால் மெருகிடுங்கள். பொருக்காக எழும்பிய தடித்த துருவில் இது வேலை செய்யாது; மேல்தோல் மட்டும் கறுக்கும், உள்ளே அரிப்பு தொடரும். மழையில் நனையும் கேட்டுக்கும் இது மட்டும் போதாது, மேலே பூச்சு வேண்டும்.

அறிகுறி: பூணுக்கும் கம்பிக்கும் நடுவில் பொருக்கு, பூண் விரிந்து, கம்பி வெளியே தள்ளுகிறது

பழைய கிராதியில் சுருள்களைக் கம்பியோடு சேர்ப்பது பூணும் (கம்பிகளைச் சுற்றி இறுக்கும் இரும்புப் பட்டை) தறையாணியும் (ரிவெட்). இரண்டு இரும்பு முகங்கள் ஒட்டி நிற்கும் அந்த நூலிடைவெளியில் மழைநீர் ஏறி நிற்கும். வெளிப்புறம் காய்ந்தாலும் அது காயாது. துரு தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும் என்பதால், உள்ளேயிருந்து ஆப்பு அடித்தது போல எல்லாவற்றையும் பிரித்துத் தள்ளுகிறது. தறையாணியின் தலை தெறிப்பதும் இதனால்தான். இதற்கு மேல் பெயிண்ட் பூசினால் தண்ணீர் வெளியேறும் வழியும் அடைபடும்.

ஆரம்ப நிலை என்றால் கழற்றாமலே சரிசெய்யலாம். மெல்லிய ரம்பத் தகட்டால் இடுக்கைச் சுரண்டி, ஊதி, வெயிலில் சில நாள் காயவிட்டு, அடிப்பூச்சை இடுக்குக்குள் ஓடவிட்டு, மேலே நெகிழும் தன்மையுள்ள அடைப்பால் இடுக்கை மூடுங்கள். தண்ணீர் தங்காதபடி அடைப்பைச் சரிவாக இழுங்கள். இறுகிக் கல்லாகும் மக்கு (புட்டி) இங்கே உதவாது. வெயிலில் இரும்பு நீள, அது வெடித்து மறுபடி இடுக்கு விடும்.

பூண் வாய் பிளந்துவிட்டால் பிரித்தே ஆக வேண்டும். இது பட்டறை வேலை. முதலில் கிராதி முழுவதையும் படம் வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் கொடுத்து, கம்பியால் தகரச் சீட்டு கட்டுவோம். சுருள்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. தறையாணித் தலையைத் துளையிட்டு எடுப்போம். ஈயப் பூச்சு முழுதும் போன பிறகுதான் தேனிரும்பை உலையில் வைப்போம். மங்கிய சிவப்பு வந்ததும் எடுத்துச் சிறு சுத்தியலால் தட்டினால், இரும்பும் துருவும் விரிகிற அளவு வேறு என்பதால், இறுகிய பொருக்கு சில்லுச் சில்லாகத் தெறித்துவிடும். அரைவைக்கல்லால் ஒரு நாள் அரைத்தாலும் போகாத இடத்துத் துரு இந்தச் சூட்டில் போகும். வார்ப்பிரும்புக்கு இதைச் செய்யவே கூடாது.

புதுப் பூண் செய்வதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேலை சரியாக நடந்ததா என்று வீட்டுக்காரர் சரிபார்க்கும் இடம் இதுதான். சேர வேண்டிய கம்பிகளை ஒன்றாகப் பிடித்துச் சுற்றளவு எடுத்து, அதோடு பட்டையின் தடிப்பில் இரண்டு பங்கைக் கூட்டி வெட்டுவது எங்கள் கணக்கு. முதலில் ஒன்றை மட்டும் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே மற்றவற்றை வெட்டுவோம். பட்டையை ‘ப’ வடிவில் மடக்கி, உலையில் ஆரஞ்சு நிறம் வரும்வரை வைத்து, குறட்டால் எடுத்துக் கம்பிகளின் மேல் மாட்டி, இரண்டு காதுகளையும் ஒன்றின் பின் ஒன்றாக அடித்து மடக்க வேண்டும். பூண் சிறிது, சூடு சீக்கிரம் இறங்கும். நான்கைந்து அடிக்குள் முடிந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் தானே ஆறவிட்டால் சுருங்கி இறுகப் பிடிக்கும். மாட்டும் முன் உள்முகங்களில் அடிப்பூச்சு ஏறியிருக்க வேண்டும். சூட்டில் அது கொஞ்சம் கருகும், கருகிய இடத்தில் ஓரத்திலிருந்து மறுபடி ஓடவிடுவோம். காதுகள் சேரும் கோடு பின்பக்கம் இருக்கும். முன்னால் பற்றவைப்புப் புள்ளி எதுவும் தெரியக் கூடாது. “வெல்டிங் வைத்தால் சீக்கிரம் முடியுமே” என்று கேட்பார்கள். முடியும்தான். ஆனால் நான்கு ஓரத்தையும் முழுமையாக மூடாத பற்றவைப்பு இன்னும் மோசமான இடுக்கைத் தருகிறது. அடுத்த முறை யாராலும் அதைப் பிரிக்கவும் முடியாது.

அறிகுறி: துருவின் மேல் பழுப்பு நீர் மணி மணியாகக் கசிகிறது; எத்தனை முறை சுத்தம் செய்தாலும் சில வாரத்தில் திரும்புகிறது

இரும்புக்குள் உப்பு போயிருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் மழை இல்லாத நாளிலும் அரிப்பு நடக்கும். கடற்கரை ஊரிலிருந்து வாங்கிவந்த கேட்டாக இருந்தால் காரணம் எளிது. ஆனால் கடலிலிருந்து தள்ளி இருக்கும் நம் ஊர்களில் நான் அதிகம் பார்க்கும் காரணம், தரை கழுவும் ஆசிட். ஆத்தங்குடிக் கல்லில் கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். அந்தக் கல் சிமெண்டால் ஆனது. ஆசிட் அதன் நிறத்தையும் தின்னும். தெறிக்கும் துளிகள் தூணின் காலிலும் கதவுத் தாழிலும் உட்கார்ந்து, உலர்ந்து, குளோரைடை விட்டுச்செல்கின்றன. துருவை எடுக்கவென்றே ஆசிடில் முக்கி எடுக்கிறவர்களும் உண்டு. அன்றைக்கு வெள்ளி போல மின்னும், அந்த மாதமே கசியத் தொடங்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

கழற்றக்கூடிய சிறு பொருளென்றால் — நாதாங்கி, கொண்டி, விளக்குக் கொக்கி — மின்பகுப்பு முறை நல்ல பலன் தரும். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். பொருளை மின்கல ஊட்டியின் எதிர்முனையில் கட்டி, சாதாரண இரும்புத் தகட்டை நேர்முனையில் கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நேர்முனையில் எவர்சில்வர் தகடு வைக்காதீர்கள்; அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து, உடனே சூடுகாட்டி உலர்த்தி, மெழுகோ பூச்சோ ஏற்றுங்கள். தூணையும் கேட்டையும் தொட்டியில் இறக்க முடியாது. அவற்றைச் சுத்தமான தண்ணீர்த் துணியால் ஒற்றி ஒற்றிக் கழுவி, உலர்த்தி, மறுபடி கழுவி, கசிவு நின்றதா என்று ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே பெயிண்டுக்குப் போக வேண்டும். ஆசிட் பாட்டிலை வீட்டை விட்டு அப்புறப்படுத்துவது இதற்கெல்லாம் முதல் வேலை.

அறிகுறி: தூணின் காலும் கேட்டின் அடிக்கம்பியும் மட்டும் அரித்திருக்கின்றன

தரை கழுவும் தண்ணீர், தேங்கும் சாரல், அல்லது பிற்காலத்தில் யாரோ சுற்றிக் கட்டிய சிமெண்டுக் கழுத்து. சிமெண்டு காயும்போது சுருங்கி, தூணுக்கும் தனக்கும் நடுவில் மயிரிழை இடம் விடும். அதில் இறங்கும் தண்ணீர் ஏறி வராது. கழுத்தை உளியால் பொறுமையாக உடைத்து எடுங்கள்; சம்மட்டியால் அடித்தால் அதிர்வில் வார்ப்புத் தூண் விரியும். சுத்தம் செய்து பூச்சு ஏற்றியபின், சுண்ணாம்புச் சாந்தால் வெளிநோக்கிச் சரிவு கொடுத்து முடியுங்கள். கேட்டின் அடிச்சட்டத்தில் முதலில் இருந்த சிறு வடிதுளைகளைப் பெயிண்ட் அடைத்திருக்கும். ஓர் ஆணியால் குத்தித் திறந்தாலே பாதி நோய் தீரும்.

அறிகுறி: கம்பி கல்லுக்குள் இறங்கும் இடத்தில் கல் விரிந்திருக்கிறது

கம்பியைக் கருங்கல் குழிக்குள் நிறுத்தி ஈயம் காய்ச்சி ஊற்றுவது பழைய முறை. ஈயம் நன்றாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது. கம்பி ஆடத் தொடங்கினால் ஈயம் தளர்ந்து, உள்ளே துரு வீங்கி, கல்லையே பிளக்கும். லேசாகத் தளர்ந்திருந்தால் ஈயத்தின் மேல்விளிம்பை மழுங்கிய உளியால் சுற்றிலும் தட்டி நெருக்கினாலே மறுபடி பிடிக்கும்.

கல் பிளந்துவிட்டால் ஈயத்தைத் தோண்டி, கம்பியை எடுத்து, அரித்த முனைக்குப் புது முனை சேர்த்து மீண்டும் ஊற்ற வேண்டும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். குழியில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். மழை நாளில் இந்த வேலையைச் செய்கிறேன் என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தக் கம்பியின் அருகே வேறு எதையாவது காய்ச்சிப் பற்றவைக்கும்போதும் சூடு கம்பி வழியே இறங்கி ஈயத்தை இளக்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி: வார்ப்புத் தூணிலோ தாங்கியிலோ விரிசல்

தூணில் விரிசல் கண்டால் அன்றைக்கு எதையும் செய்ய வேண்டாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மேலே என்ன மாறியது என்று பாருங்கள்: புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்களா, மாடியில் சிமெண்டுத் தளம் ஏற்றினார்களா, பக்கத்துத் தூண் இறங்கியதா? பாரம் தாங்கும் தூண் என்றால் பொறியாளர் வந்து முட்டுக் கொடுக்கும்வரை ஆசாரிக்கு அங்கே வேலை இல்லை. உள்ளே கூடான தூண் என்பதால், உச்சியில் திறப்பு இருந்து மழைநீர் இறங்கித் தேங்குகிறதா என்பதும் பார்க்க வேண்டியது.

சாதாரண வெல்டிங் தடியால் தூணில் பற்றவைக்க ஒருபோதும் விடாதீர்கள். பற்று பிடித்தது போலத் தெரியும். ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் புது விரிசல் விடும், ‘டிக்’ என்ற சத்தம்கூடக் கேட்கும். நிறுத்திய இடத்திலேயே செய்யத் தகுந்தது குளிர்முறைத் தையல்: விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, குறுக்கே பள்ளம் எடுத்துப் பூட்டுத் துண்டுகளை அடித்து இறக்கி, விரிசல் நெடுகத் திருகாணிகளைக் கோத்துக்கொண்டே போவது. சூடே கிடையாது என்பதால் தூணுக்குத் தீங்கு இல்லை. கழற்றி எடுக்கக்கூடிய சிறு தாங்கி, பூவேலைத் துண்டு என்றால் முழுத் துண்டையும் 500, 600 டிகிரிக்குச் சீராகச் சூடேற்றி, நிக்கல் தடியால் பற்றவைத்து, உலர்ந்த சுண்ணாம்புத் தூளிலோ சாம்பலிலோ புதைத்து ஆறவிடலாம். மறுநாள்வரை அதை வெளியே எடுக்கக் கூடாது.

அறிகுறி: கர்டரின் அடியில் தகடு தகடாகப் பொருக்கு விழுகிறது

பொருக்கின் தடிப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். துரு உப்பிய கணக்குப்படி, அரை அங்குலப் பொருக்கு விழுந்தால் அரை அங்குல இரும்பு போய்விட்டது என்று ஆகாது. தளர்ந்ததைத் தட்டி எடுத்துவிட்டு, நல்ல இடத்திலும் அரித்த இடத்திலும் காலிப்பரால் தடிப்பை அளந்து எழுதுங்கள். அந்த அளவோடு பொறியாளரிடம் போனால் ஊகத்தில் “எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம்” என்ற பேச்சு வராது. நடுப்பகுதியைவிடச் சுவருக்குள் புதைந்த முனைகளைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். மாடித் தண்ணீர் சுவர் வழியே இறங்கி அங்கேதான் நிற்கிறது.

நோய் மேலே மொட்டைமாடியில். சுண்ணாம்புத் தளத்தில் எங்கே விரிசல், மழைநீர்க் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று பாருங்கள். கசிவை நிறுத்துவதாகச் சொல்லி மேலே சிமெண்டுக் கலவை போட்டால் பாரமும் கூடும், உள்ளே போன ஈரமும் வெளியே வராது. கர்டருக்குத் துணைத்தகடு தேவைப்பட்டால் மரையாணியால் பூட்டுவதையே கேளுங்கள். பழைய கர்டர் தேனிரும்பாக இருந்தால் அடுக்கடுக்காகப் பிரியக்கூடியது, பற்றவைப்பு மேல் அடுக்கை மட்டும் பிடித்துக் கிழித்துவிடும். அது மட்டுமல்ல, கர்டருக்கு மேலே படுத்திருப்பது நூறாண்டு உலர்ந்த தேக்குக் கட்டைகள். ஒரு பொறி போதும்.

அறிகுறி: பூசிய பெயிண்ட் ஒரே வருடத்தில் உரிகிறது

தோலைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியில் சிவந்த துரு ஒட்டியிருந்தால், தளர்ந்த துருவின் மேல் பூசியிருக்கிறார்கள். அடியில் வேறு நிறப் பெயிண்ட் ஒட்டியிருந்தால், பழைய பளபளப்பான பூச்சைச் சொரசொரப்பாக்காமல் மேலே ஏற்றியிருக்கிறார்கள். கொப்புளமாக எழும்பி உள்ளே நீர் இருந்தால் ஈரத்தில் பூசியது, அல்லது மேலே சொன்ன உப்பு.

ரெட் ஆக்சைடு ஒரு கை அடித்துவிட்டு எனாமல் பூசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. மலிவான ரெட் ஆக்சைடு நிறம் தருகிறது, தடுப்பு அதிகம் தருவதில்லை. பழைய இரும்புக்குத் துத்தநாக பாஸ்பேட் அடிப்பூச்சு இரண்டு கை, ஓரங்களுக்கும் தறையாணித் தலைகளுக்கும் தூரிகையால் தனியாக ஒரு கை என்பதே என் பரிந்துரை. கூர்மையான ஓரத்தில் பூச்சு தானே மெலிந்துவிடும், துரு தொடங்குவதும் அங்கேதான். துத்தநாகத் தூள் நிறைந்த அடிப்பூச்சு வேறு பொருள். அது பளிச்சென்ற வெற்று இரும்பில்தான் வேலை செய்யும் என்பதால் நம் வேலைக்குப் பொருந்தாது.

காலம் முக்கியம். பங்குனி முதல் ஆனி வரை நல்லது. ஆடிக் காற்றில் செம்மண் தூசு ஈரப் பூச்சில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். கோடையிலும் உச்சிவெயிலில் கை வைக்க முடியாத சூட்டில் பூசினால் பூச்சு இறங்கிப் பிடிக்கும் முன்பே தோல் கட்டிவிடும். காலைப் பனி காய்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறும் முன் நிறுத்துங்கள். கல்யாணம் தை மாதம் என்றால் இந்த வேலைக்கான ஆளை முந்தைய பங்குனியிலேயே கூப்பிட வேண்டும்.

அறிகுறி: ஒரு சுருளோ இலையோ காணவில்லை

இடம் வெறுமையாக இருப்பதில் தவறில்லை. அவசரமாக நிரப்ப வேண்டாம். எதிர்ப்பக்கக் கிராதியில் அதன் இணை இருந்தால் அட்டையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். தேனிரும்பு இன்று புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளிலிருந்து வந்த ஒடிந்த கம்பிகளாகக் கிடைக்கும். அவற்றை உருக்குலைத்துப் புதுத் துண்டு அடிப்பது நியாயமான வேலை. முழுக் கிராதியை வாங்கி வெட்டுவது அப்படியல்ல. 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கும் ஊர்கள் இவை. ஒரு வீட்டைக் காப்பாற்ற இன்னொரு வீட்டின் துணுக்கை வெட்டக் கூடாது.

தேனிரும்பை வெண்மை தட்டும் சூட்டில்தான் அடிக்க வேண்டும். சூடு குறைந்த பிறகும் அடித்தால் இழை பிரிந்து மூங்கில் சிலாகை போலப் பிளக்கும். எஃகில் பழகிய இளம் ஆசாரிகளுக்கு முதலில் இது கைவராது. எஃகில் செய்தாலும் குற்றமில்லை, ஆனால் சம்மட்டியால் அடித்துச் செய்யுங்கள். இயந்திரத்தில் வளைத்த சுருளுக்கு முனை மெலிவு இருக்காது, பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். புதுத் துண்டின் பின்பக்கத்தில் ஆண்டைப் பொறித்துவிடுங்கள்.

அறிகுறி: ஊஞ்சல் கிறீச்சிடுகிறது

எண்ணெய் விடும் முன் ஊஞ்சல் பலகையை இறக்கிவிட்டு, சங்கிலியின் கண்ணிகள் ஒன்றையொன்று உரசும் உள்வளைவைப் பாருங்கள். தேயாத பக்கத்தின் தடிப்பைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே அந்தக் கண்ணியை மாற்ற வேண்டும். மேலே உத்திரத்துக் கொக்கியையும் ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். அதை யாரும் பார்ப்பதே இல்லை. குழந்தைகள் ஏறும் இடம்.

அறிகுறி: சாவி நுழைகிறது, திரும்பவில்லை

பலவந்தமாகத் திருப்பாதீர்கள். பெரிய சாவியின் கைப்பிடி நீளமாக இருப்பதால் உங்கள் கைக்குத் தெரியாமலே பல் முறிந்துவிடும். தேங்காய் எண்ணெய் விட்டுப் பழகிய பூட்டில் அது காலப்போக்கில் பிசினாக இறுகி, தூசியைப் பிடித்து வைத்திருக்கும். சாவித்துவாரத்தில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் சாவியை நுழைத்து இரு பக்கமும் மெல்ல அசைத்து, வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி நுழையுங்கள். துடைக்கும் துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை இதையே செய்யுங்கள். கடைசியில் பென்சில் முனையின் கிராஃபைட் தூளை ஊதி உள்ளே விட்டால் போதும், எண்ணெய் தேவையில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் சாவியின் பல்லை விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, உள்ளே விட்டு லேசாகத் திருப்பி எடுங்கள். கரி அழிந்திருக்கும் இடம்தான் இடிக்கும் இடம். சாவியை அராவாதீர்கள்; பெரும்பாலும் உள்ளே ஒரு வில்தகடு ஒடிந்து விழுந்திருக்கும், சாவியில் குற்றம் இருக்காது. பூட்டைக் கதவிலிருந்து கழற்றி, உட்பக்கத்தைத் திறந்து, வில்தகட்டை மட்டும் புதிதாக அடிக்கத் தெரிந்தவர்கள் திண்டுக்கல்லில் இன்னும் இருக்கிறார்கள். கழற்றும் முன் ஒவ்வொரு திருகாணியும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் குத்திவையுங்கள். அந்தக் காலத்துத் திருகாணிகளின் மரை ஒன்றுக்கொன்று மாறாது.